சேர்ந்து வாழ்ந்ததற்கு என்ன அத்தாட்சி?

திருமணம் செய்துகொள்ளாமல் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலர் மனத்தில் உடனே வந்து நிற்பது பழைய மகாபலிபுரம் சாலைதான். கண்ணாடிக் கட்டடம், ஐ.டி. வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பு, 'லிவிங் டுகெதர்' என்ற சொல். சினிமாவும் தொலைக்காட்சி விவாதங்களும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போன வழக்குகளை எடுத்துப் படித்தால், அங்கே வந்து நிற்பவர்கள் வேறு ஆட்கள். மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சத்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்கள். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் நிலைக்க வேண்டும் என்று போராடியவர்கள். செத்துப்போனவரின் சொத்தில் தனக்கும் பங்குண்டு என்று வாதாடியவர்கள். ஆகவே இந்தக் கேள்வியைச் சென்னை நகரத்தின் மறுகோடியிலிருந்து பார்ப்பதே சரி. புழலில் தொடங்கி மணலி, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகம் வரை நீளும் தொழிற்பகுதியில், ஒப்பந்த வேலைக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் வாடகைக்கு இருக்கும் ஒண்டுக் குடித்தன வீடுகளில், இது நவநாகரிகம் பற்றிய விவாதம் அல்ல. ஒருவர் விட்டுவிட்டுப் போனால், அல்லது செத்துப்போனால், மற்றவருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அங்கே கேள்வி.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வயது வந்த இருவர் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமல்ல. இதை உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றிச் சொன்னதே ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். 2005இல் 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பில் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிக் கூறிய கருத்துக்காக அவர்மீது 23 வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு அத்தனையையும் தள்ளுபடி செய்தது. சமூகம் ஒழுக்கக்கேடு என்று நினைப்பதெல்லாம் சட்டப்படி குற்றமாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2018இல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், ஆணுக்கு இன்னும் 21 வயது நிரம்பாததால் திருமணம் செல்லுமா என்ற கேள்வி இருந்தாலும், 18 வயது கடந்த இருவர் சேர்ந்து வாழ உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2019இல் கோவையில், திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் ஒரு தங்கும் விடுதிக்குச் சீல் வைத்தபோது, அப்படித் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ். ஆக, போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டி 'நீங்கள் புருஷன் பெண்டாட்டியா' என்று கேட்க இடமில்லை.

குற்றமல்ல என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. சேர்ந்து வாழும்வரை சட்டம் எதையும் கேட்காது. உறவு முறிகிற அன்று, அல்லது ஒருவர் மறைகிற அன்று, அதே சட்டம் 'இவர் உனக்கு யார்? என்ன அத்தாட்சி?' என்று கேட்கிறது. தாலிக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் பதில் சொல்லத் தெரிந்த சட்டத்துக்கு, பத்து வருஷம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பெண், அதிலும் சம்பாத்தியம் குறைந்த பெண்.

இந்தத் தடுமாற்றத்தைக் கண்கூடாகக் காட்டும் வழக்கு கோவையிலிருந்து போனது. சட்டக் கல்லூரிகளில் வேலுசாமி வழக்கு என்று படிக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னை 1986இல் மணந்து, இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு பெண் 2001இல் ஜீவனாம்சம் கேட்டார். தனக்கு 1980லேயே வேறொருவரோடு திருமணமாகிவிட்டது என்றார் ஆசிரியர். குடும்ப நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கச் சொன்னது, உயர் நீதிமன்றமும் ஏற்றது. 2010 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மார்கண்டேய கட்ஜுவும் டி.எஸ். தாக்கூரும் அந்த உத்தரவை ரத்து செய்து, முதல் திருமணம் உண்மையா என்பதை, அந்த மனைவியையும் விசாரித்து மறுபடி முடிவு செய்யும்படி கோவைக்கே அனுப்பினார்கள். போகிறபோக்கில், திருமணம் போன்ற உறவு என்றால் என்ன என்பதற்கு நான்கு நிபந்தனைகளையும் வகுத்தார்கள். இருவரும் ஊருக்குத் தம்மைக் கணவன் மனைவி போலக் காட்டியிருக்க வேண்டும். இருவருக்கும் திருமண வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி மணந்துகொள்ளத் தடையில்லாதவர்களாக, அதாவது வேறு வாழ்க்கைத்துணை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். விருப்பத்தோடு கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பணம் கொடுத்து வைத்துக்கொண்ட பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு பயன்படுத்திய ஓர் ஆங்கிலச் சொல்லை, அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் திறந்த நீதிமன்றத்திலேயே கண்டித்தார். அவர் கண்டித்தது நியாயம். பெண்ணை உறவின் ஒரு தரப்பாகப் பார்க்காமல் ஆணின் உடைமையாகப் பார்த்த சொல் அது.

இந்த நிபந்தனைகள் தேவைப்பட்டதற்குக் காரணம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். மனைவியோடு நிற்காமல், திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அடி உதையிலிருந்து காக்கும் உத்தரவு, குடியிருக்கும் வீட்டிலிருந்து துரத்தக் கூடாது என்ற உத்தரவு, மருத்துவச் செலவு, பராமரிப்புத் தொகை, பிள்ளைகளின் பொறுப்பு எல்லாவற்றையும் மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் கேட்கலாம். உத்தரவை மீறினால் ஓராண்டுச் சிறை, 20,000 ரூபாய் அபராதம் வரை உண்டு. மணமாகாமல் வாழ்ந்த பெண்ணுக்கு இந்தியச் சட்டத்தில் இருக்கும் ஒரே உருப்படியான பிடிமானம் இதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் பற்றிய 125ஆம் பிரிவில் 'மனைவி' என்பதை விரித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் 2010 அக்டோபர் 7 அன்று சொல்லி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். வேலுசாமி தீர்ப்பு அதற்கு இரண்டே வாரம் கழித்து, குறுகிய கோட்டைப் போட்டது. ஒரே மாதம், ஒரே நீதிமன்றம், இரண்டு பார்வை.

நான்கு நிபந்தனைகளில் மூன்றாவதுதான் ஏழை வீடுகளில் இடிக்கிறது. புருஷன் குடித்துவிட்டு அடித்துத் துரத்திவிட்டான், அல்லது எங்கேயோ போய்த் தொலைந்தான். அவள் விவாகரத்து வாங்கவில்லை. வாங்க வக்கீல் வேண்டும், வாய்தா வாய்தாவாகச் சம்பளத்தை இழக்க வேண்டும், காணாமல் போனவனுக்கு நோட்டீஸ் சார்வு செய்ய முகவரி வேண்டும். இரண்டு வருஷம் கழித்து இன்னொருவரோடு குடித்தனம் அமைகிறது. அக்கம்பக்கம் ஏற்றுக்கொள்கிறது, பிள்ளை பிறக்கிறது, ரேஷன் கார்டில்கூடப் பெயர் ஏறிவிடலாம். சட்டக் கண்ணில் அவள் இன்னும் முதல் புருஷனின் மனைவி. இந்த இரண்டாவது உறவு எத்தனை வருஷம் நீடித்தாலும் 'திருமணம் போன்ற உறவு' ஆகாது. பெங்களூரிலிருந்து போன இந்திரா சர்மா வழக்கில், ஆண் ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே பல ஆண்டு அவரோடு வாழ்ந்த பெண்ணுக்கு 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிவாரணம் மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட உறவுகளில் கைவிடப்படும் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, நாடாளுமன்றம் புதிய சட்டமோ திருத்தமோ கொண்டுவருவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

இத்தனைக்கும் நம் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்தது நிரூபணமானால், மாறாக யாரும் நிரூபிக்காதவரை, அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இந்தக் கொள்கைக்கு இந்திய நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டும் முக்கியமான தீர்ப்பு இலங்கையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு 1927இல் போன ஒரு வழக்கு. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர், ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு தம்பதியிடம் போய்த் திருமணத்துக்குச் சாட்சி கேட்பது அநியாயம் என்ற நோக்கில் தீர்ப்பளித்தார். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில், நெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூனில் ஒரு கேரள வழக்கில் அப்படிப் பிறந்த மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடைத்தது. நல்ல கொள்கைதான். ஆனால் இது யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். வாழ்ந்து முடித்த தம்பதிக்கும், பாகப்பிரிவினைக்கு நிற்கும் வாரிசுகளுக்கும் உதவுகிறது. மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டு, கைக்குழந்தையோடு விடப்பட்டு வாசலில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது எட்டாது.

எல்லோரையும் மணமானவர்கள் என்று அறிவித்துவிடுவதும் தீர்வாகாது. 2013இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.எஸ். கர்ணன், மணவயது எய்திய இருவர் மனமொத்து உறவு கொண்டால் அவர்கள் கணவன் மனைவிதான் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். ஒரு பெண்ணுக்கும் இரு பிள்ளைகளுக்கும் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் அந்த வழியில் போனால், மணம் வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவரையும் சட்டம் வலுக்கட்டாயமாகக் கட்டிவைத்துவிடும். 2021இல் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எதிர்க்கோடிக்குப் போனது. எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தாலும், முறைப்படி மணமாகாதவர் சேர்ந்து வாழும் உரிமை கோரிக் குடும்ப நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது. நீதிபதிக்கு நீதிபதி பதில் மாறுகிற நிலைமை, வழக்கு நடத்தப் பணமில்லாதவருக்கு மிகக் கொடுமையானது.

இதெல்லாம் துறைமுகப் பக்கம் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. இல்லாத ஓர் இடத்தில் வேலை செய்யும் 30 வயதுத் தொழிலாளி ஒருவர், வேலையின்போது கன்டெய்னர் சரிந்து இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் இழப்பீட்டுக்கான வாய்ப்பாடு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவது. 2020இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்ச வரம்பின்படி 7,500 பெருக்கல் 207.98, ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம். இந்தப் பணம் யாருக்கு? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சார்ந்திருப்போர் பட்டியலில் விதவையை முதலில் வைக்கின்றன. முறைப்படி மணக்காதவர்களின் பிள்ளைக்குக்கூட அந்தப் பட்டியலில் ஓர் இடம் உண்டு. கூட வாழ்ந்த பெண்ணுக்கு இல்லை. ஈ.எஸ்.ஐ. இருந்தால், பணி விபத்தில் இறந்தவரின் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் சார்ந்திருப்போருக்குப் போகும், அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு. அங்கும் இதே கதைதான். அதே ஆள் யார்டு வாசலைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி மோதி இறந்திருந்தால் நிலைமை மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 'சட்டப் பிரதிநிதி' என்ற விரிந்த சொல்லைப் பயன்படுத்துகிறது. இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் எவரும் அதில் அடங்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம், மருமகனோடு வாழ்ந்த மாமியாருக்கு இழப்பீட்டில் இடம் கொடுத்து விளக்கியிருக்கிறது. கேட்டுக்கு உள்ளே செத்தால் அவள் யாருமில்லை, வெளியே செத்தால் வழக்காடிப் பார்க்கலாம். ஓர் உறவின் மதிப்பு விபத்து நடந்த இடத்தைப் பொறுத்து மாறுவதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

பி.எஃப். பணத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. குடும்பம் இல்லாத உறுப்பினர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். குடும்பம் இருந்தால் குடும்பத்துக்குள் மட்டுமே போட வேண்டும். மணமாகாதவருக்குக் குடும்பம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, அவரைச் சார்ந்திருக்கும் தாய் தகப்பனும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். ஊரில் வயதான தாய் இருந்தால் கூட வாழும் பெண்ணின் பெயரைப் போட்ட நாமினேஷன் செல்லாமல் போகலாம். இன்னொன்று, நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பொருளல்ல. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையாக மட்டுமே நாமினி பல இடங்களில் கருதப்படுகிறார் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் ஆயுள் காப்பீட்டிலும் 2023இல் பங்குகளிலும் சொல்லிவிட்டது. காப்பீட்டில் 2015க்குப் பிறகு நாமினிக்கே உரிமை உண்டாகும் வழி வந்தது, ஆனால் அது பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள்தான். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், மனைவியோ பிள்ளையோ தாயோ இல்லாத நிலையில் சொத்து தகப்பனுக்கு, அவரும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களுக்குப் போகும். பத்து வருஷம் கூட வாழ்ந்து நோயில் பார்த்துக்கொண்டவருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

புழல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் மத்திய சிறையும் இந்தக் கேள்வியிலிருந்து விலகி இல்லை. உள்ளே இருப்பவரை மனு போட்டுப் பார்க்க நண்பராகவும் போகலாம். ஆனால் தண்டனைக் கைதிக்கு அவசர விடுப்பு தரும் 1982ஆம் ஆண்டு விதிகள் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரின் சாவு, கடும் நோய் போன்றவற்றைத்தான் காரணமாக ஏற்கின்றன. கூட வாழ்ந்தவள் செத்துக்கிடந்தாலும் அந்த விதியில் இடமில்லை. மறுபக்கம், உறவு முறிந்ததால் சிறைக்குப் போகும் வழியும் ஒன்று உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண ஆசை காட்டி உடலுறவு கொள்வதைப் பத்தாண்டு வரை தண்டிக்கக்கூடிய குற்றமாக்குகிறது. ஆண்களைப் பொய் வழக்கில் மாட்டிவிட இது போதும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு கொடுத்த வாக்குறுதி வேறு, கொடுக்கும்போது உண்மையாக இருந்து பின்னால் காப்பாற்ற முடியாமல் போன வாக்குறுதி வேறு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பராமரிப்பும் வீடும் கேட்க நேரான சிவில் வழி இல்லாதபோது, கையில் கிடைக்கும் ஒரே ஆயுதமாகக் குற்ற வழக்கு ஆகிவிடுகிறது. மகளிர் காவல் நிலையத்தில் புகார், கைது, பிறகு சமரசப் பேச்சு என்ற சுற்றில் இருவருமே அடிபடுகிறார்கள். சிவில் உரிமைகளைத் தெளிவாக்கினால் குற்ற வழக்கின்மேல் விழும் இந்தப் பாரம் குறையும்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் ஓரளவு மனிதத்தன்மையோடு இருக்கிறது. முறைப்படி மணந்தவர்களின் பிள்ளையா இல்லையா என்று பார்க்காமல் தகப்பன் பராமரிப்புக் கொடுத்தாக வேண்டும். மணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். 'இவ்வளவு சிக்கல் எதற்கு? ஒரு மாலையை மாற்றிப் பதிவு செய்துவிட்டால் போயிற்றே' என்பது முதல் வாதம். பலருக்கு அது சரியான யோசனைதான், முடிந்தவர்கள் அதைச் செய்வதே நல்லது. தமிழ்நாட்டில் இரு இந்துக்கள் ஐயர் இல்லாமல், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றி மணந்துகொள்ளலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஊரறியப் பொதுச் சடங்காக நடத்த வேண்டியதும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால், மதம் மாறாமல் மணக்க இருக்கும் வழி 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முப்பது நாள் முன்னறிவிப்பு, அந்த அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவது என்ற விதி உண்டு. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மூன்று மதத்தவரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஓடிவந்தவர்களுக்கு அந்த முப்பது நாள் ஒரு யுகம். முந்தைய திருமணம் சட்டப்படி முடியாதவர்களுக்கோ எந்தப் பதிவு அலுவலகமும் கதவு திறக்காது.

'கூட வாழ்ந்தவளுக்கு உரிமை கொடுத்தால் கட்டினவளின் கதி என்ன?' என்பது இரண்டாவது வாதம். எதிர்வாதங்களில் இதுதான் கனமானது. சொல்பவர்களில் பலர் பெண்கள், அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள். முதல் மனைவியின் பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இன்றைய சட்டம் அவளையும் காப்பாற்றவில்லை. இரண்டாவது பெண்ணுக்கு எந்தக் கடமையும் இல்லை என்றால் ஏமாற்றும் ஆணுக்கு அது லாபம், செலவில்லாமல் இரண்டு வீடு வைத்துக்கொள்ளலாம். வாரிசுரிமையையும் பராமரிப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் இந்த முடிச்சு அவிழும். சொத்து சட்டப்படியான வாரிசுகளுக்கே போகட்டும். விட்டுப்போனவர் உயிரோடு இருக்கும்வரை, தன் வருமானத்திலிருந்து, தன்னை நம்பி வாழ்ந்தவருக்குச் சோறும் கூரையும் தரும் கடமை மட்டும் அவர்மேல் நிற்கட்டும்.

திருமணம் என்ற அமைப்பே சிதைந்துவிடும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் சொந்த வரலாறே பதில். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, சடங்கில்லாமல் மணந்த எத்தனையோ தம்பதிகள் சட்டத்தின் பார்வையில் மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியானது. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. இனி நடக்கும் திருமணங்களோடு, அதற்குமுன் நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. வாழ்ந்துகொண்டிருந்தவர்களைத் தேடிச் சட்டம் பின்னால் வந்தது. அதனால் தமிழ்நாட்டில் திருமணம் அழிந்துவிடவில்லை. பல நூற்றாண்டுக்கு முன்பே தொல்காப்பியம், காதலர் வாழ்வில் பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்று சொல்கிறது. ஏமாற்றத்திலிருந்து காப்பதற்காக வந்ததே சடங்கு என்றால், சடங்கு நடக்காத இடத்தில் ஏமாற்றப்பட்டவரை அந்தக் காரணத்துக்காகவே கைவிடுவது முறையாகாது. வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. தமிழர்கள் திரளாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், மூன்று ஆண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்களும், பிள்ளை பெற்று ஓரளவு நிலையாக வாழ்ந்தவர்களும் பிரிந்தால் பராமரிப்புக் கேட்கலாம். ஆனால் மணமானவர்களுக்குள்ள சொத்துப் பங்கீடு அவர்களுக்குக் கிடையாது. திருமணத்துக்குரிய தனி இடம் அப்படியே இருக்கிறது, யாரும் நடுத்தெருவில் நிற்கவும் இல்லை.

அப்படியானால் உத்தராகண்டைப் போலக் கட்டாயப் பதிவு கொண்டுவரலாமா? அங்கே 2025 ஜனவரி 27 முதல் நடப்புக்கு வந்த பொது சிவில் சட்டத்தில், சேர்ந்து வாழத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதச் சிறை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. விவரம் காவல் நிலையத்துக்குப் போகும், 21 வயதுக்கு உட்பட்டவராயின் பெற்றோருக்கும் போகும். கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பராமரிப்பு, பிள்ளைக்கு முழு உரிமை என்று அந்தச் சட்டம் சொல்லும் பகுதி வரவேற்கத்தக்கது. ஆனால் உரிமையைக் கொடுப்பதற்குச் சிறையைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை. சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற மகளையே கொல்லும் கொடுமை நின்றுவிடாத நம் மாநிலத்தில், ஓடிவந்த ஜோடியின் விலாசத்தைப் போலீஸ் வழியாக ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். வேண்டியது விருப்பப் பதிவு. இருவரும் தாமாக வந்து கையெழுத்துப் போட்டு, வேண்டாதபோது ஒருவரே விலக்கிக்கொள்ளக்கூடிய, வெளியில் ஒட்டப்படாத ஓர் எளிய உறுதிமொழிப் பதிவு.

அதற்கு முன்பே இருவரும் தாங்களாகச் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொல்லலாம், தமிழ்நாட்டில் 2019 முதல் எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம்தான். வீட்டுச் செலவு ஒரு வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும். பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஏறட்டும். ஓர் உயிலை வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும், முத்திரைத் தாளும் பதிவும்கூட அவசியமில்லை. அடித்தால், துரத்தினால் 181 எண்ணுக்கு அழைக்கலாம். எந்த வருமானமுள்ள பெண்ணுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கான எண் 15100. அரசின் பக்கத்தில் செய்ய வேண்டியதும் பெரிய காரியமல்ல. திருமணமும் தொழிலாளர் நலனும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பவை. 1967இல் செய்ததுபோல மாநிலமே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். அதற்கும் காத்திருக்காமல், தானே நடத்தும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் விதிகளில், இறந்தவரின் வாழ்க்கைத்துணை என்ற இடத்தில், 'அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவரைச் சார்ந்திருந்தவர்' என்ற ஒரு வரியைச் சேர்க்க மாநில அரசுக்கு ஓர் அரசாணை போதும்.